லாக் ஃபைல் இருக்கிறது, மானிட்டரிங்கில் வரவில்லை: எங்கே தேடுவது, எந்த வரிசையில் தேடுவது

சர்வரில் லாக் ஃபைல் இருக்கிறது, திறந்து பார்த்தால் வரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஆனால் மானிட்டரிங் திரையில் அந்த அப்ளிகேஷனின் சுவடே இல்லை. இல்லையென்றால் நேற்று இரவு 12 மணி வரை ஒழுங்காக வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இந்த நிலையில் பெரும்பாலானோர் முதலில் செய்வது ஏஜென்டை, அதாவது சர்வரில் லாக்கைப் படித்து மானிட்டரிங்குக்கு அனுப்பும் புரோகிராமை, ரீஸ்டார்ட் செய்வதுதான். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்ததும் சில சமயம் லாக் வர ஆரம்பித்துவிடும், ஆனால் ஏஜென்ட் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தது, மெமரியில் எவ்வளவு தேங்கிக் கிடந்தது என்ற தடயமெல்லாம் அந்த நொடியே போய்விடும், காரணம் தெரியாமலே பிரச்சினை அடுத்த வாரம் திரும்ப வரும்.

"லாக் வரவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் நான்கு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. அப்ளிகேஷன் எழுதவே இல்லாமல் இருக்கலாம். எழுதியதை ஏஜென்ட் படிக்காமல் இருக்கலாம். படித்ததை அனுப்ப முடியாமல் இருக்கலாம். அனுப்பியது போய்ச் சேர்ந்தும் நீங்கள் தேடுகிற இடத்தில், தேடுகிற நேரத்தில் தெரியாமல் இருக்கலாம். நான்குக்கும் வைத்தியம் வேறு. எது என்று பிரித்துக்கொள்ளாமல் கான்ஃபிக்கில் கை வைத்தால், இருந்த ஒரு பிரச்சினையோடு நீங்கள் உண்டாக்கிய இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு வரியை எழுதி அதன் பின்னால் போங்கள்

வேறு எங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு சொல்லை வைத்து, லாக் ஃபைலின் கடைசியில் ஒரு வரி சேருங்கள். எக்கோ கட்டளையும் '>>' குறியும் போதும். மற்ற வரிகள் எந்த வடிவத்தில் இருக்கின்றனவோ அதே வடிவத்தில், அதே மாதிரி நேரத்தோடு எழுதுங்கள், இல்லையென்றால் வழியில் இருக்கும் பார்சர் (வரியை நேரம், செய்தி என்று பிரித்தெடுக்கும் பகுதி) உங்கள் வரியை மட்டும் தள்ளிவிட்டு உங்களைத் தவறான பக்கம் அனுப்பிவிடும். எடிட்டரில் திறந்து சேமிக்க வேண்டாம். பல எடிட்டர்கள் பழைய ஃபைலைத் திருத்துவதில்லை, புதிதாக ஒன்றை எழுதி அதற்குப் பழைய பெயரைக் கொடுத்துவிடும். அப்ளிகேஷன் இன்னும் பழையதிலேயே எழுதிக்கொண்டிருக்கும், ஏஜென்ட் புதியதைப் பார்த்துக்கொண்டிருக்கும், நிலைமை இன்னும் மோசமாகும்.

தணிக்கைக்குரிய லாக், அதில் கை வைக்கக் கூடாது என்றால், வெப் சர்வராக இருக்கும் பட்சத்தில் இல்லாத ஒரு பக்கத்தை அந்தச் சொல்லோடு சேர்த்து பிரவுசரில் கேளுங்கள், அது அக்ஸஸ் லாக்கில் தானாகப் பதிவாகிவிடும்.

இப்போது அந்தச் சொல் கடைசியாக எங்கே தென்படுகிறது என்று பாருங்கள்: ஃபைலில், ஏஜென்டின் சொந்த லாக்கில் (பெரும்பாலும் டிபக் நிலையில்தான் வரிகள் அங்கே தெரியும்), இடையில் லாக்கை வாங்கிக் கடத்தும் லாக்ஸ்டாஷ் அல்லது காஃப்கா இருந்தால் அங்கே, கடைசியில் தேடல் திரையில். எங்கே தென்பட்டதோ அதற்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. தேடல் திரையில் நேர வரம்பை இந்த ஒரு முறை மட்டும் முடிந்தவரை அகலமாக வையுங்கள், ஒரு நாள் பின்னாலும் ஒரு நாள் முன்னாலும். எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்ளிகேஷன் எழுதுகிறதா

டெயில் கட்டளையில் சின்ன எஃப்பும் பெரிய எஃப்பும் ஒன்றல்ல. சின்ன எஃப் முதலில் திறந்த ஃபைலையே பிடித்துக்கொண்டிருக்கும், அதன் பெயர் மாறினாலும் விடாது. பெரிய எஃப் அந்தப் பெயரில் இப்போது எந்த ஃபைல் இருக்கிறதோ அதைத் தொடரும். ரொட்டேஷன் (பழைய லாக் ஃபைலை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்குவது) நடக்கிற ஃபைலைப் பார்க்கும்போது எப்போதும் பெரிய எஃப் போடுங்கள்.

ரொட்டேஷனுக்குப் பிறகு புதிய ஃபைல் 0 பைட்டிலேயே நிற்கிறது என்றால் ஏஜென்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்ளிகேஷன் பழைய ஃபைலை விடவில்லை என்று அர்த்தம். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை '+எல்1' என்ற தேர்வோடு ஓட்டினால், அழிக்கப்பட்டும் யாரோ திறந்து வைத்திருக்கிற ஃபைல்களின் பட்டியல் வரும். அதில் உங்கள் அப்ளிகேஷன் இருந்தால் லாக் வரிகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபைலுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன, டிஸ்க் இடமும் சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருக்கிறது. ரொட்டேஷனைச் செய்யும் லாக்ரொட்டேட் கருவியின் கான்ஃபிக்கில், ரொட்டேஷன் முடிந்ததும் ஓடும் போஸ்ட்ரொட்டேட் பகுதியில் அப்ளிகேஷனுக்கு "ஃபைலைத் திரும்பத் திற" என்ற சிக்னல் போகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம் பஃபரிங். ஒரு புரோகிராமின் வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் ஃபைலுக்குப் போகும்போது, பெரும்பாலும் சில ஆயிரம் பைட் சேர்ந்த பிறகுதான் மொத்தமாக எழுதப்படும். அதிகம் பேசாத அப்ளிகேஷனில் இது பல நிமிடத் தாமதமாகத் தெரியும். பைத்தானில் பைத்தான்அன்பஃபர்ட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் இது தீரும். கூடவே, வரி முடிந்ததற்கான குறி இல்லாத கடைசி வரியை அநேக ஏஜென்ட்கள் அனுப்பாமல் காத்திருக்கும், அதனால் "எப்போதும் கடைசி வரி மட்டும் வருவதில்லை" என்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

நீங்கள் திருத்திய கான்ஃபிக்கைத்தான் ஏஜென்ட் படிக்கிறதா

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் பாருங்கள். ஃபைல்பீட் என்ற ஏஜென்டோடு வரும் மாதிரி கான்ஃபிக்கில், ஃபைல்களைப் படிக்கும் ஃபைல்ஸ்ட்ரீம் பகுதி 'எனேபிள்ட்: ஃபால்ஸ்' என்றுதான் இருக்கும். டேட்டாடாக் ஏஜென்டில் லாக் சேகரிப்பு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும், முதன்மை கான்ஃபிக்கில் 'லாக்ஸ்_எனேபிள்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்க வேண்டும், தனித்தனி ஃபைல்களில் எத்தனை பாத் கொடுத்தாலும் இது இல்லாமல் எதுவும் நடக்காது. யாமல் வடிவில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் வரித் தொடக்கத்து இடைவெளி ஒரு படி தள்ளிப்போனாலும் உங்கள் பகுதி வேறு எதற்கோ கீழே போய் உட்கார்ந்துவிடும், பல சமயம் பிழை கூட வராது.

கண்ணால் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வதை விட ஏஜென்டையே கேட்பது நல்லது. ஃபைல்பீட்டில் 'டெஸ்ட் கான்ஃபிக்', 'டெஸ்ட் அவுட்புட்' என்று இரண்டு துணைக் கட்டளைகள் இருக்கின்றன. லாக் சேகரித்துத் தேடும் ஸ்ப்ளங்க்கில் பிடூல் கட்டளையை 'டிபக்' தேர்வோடு ஓட்டினால் ஒவ்வொரு அமைப்பும் எந்த ஃபைலிலிருந்து வந்தது என்றே காட்டும், பல ஆப்கள் ஒன்றன் மேல் ஒன்று எழுதியிருக்கும் இடத்தில் இதை விட உதவியான கட்டளை இல்லை. டேட்டாடாக்கில் 'ஏஜென்ட் ஸ்டேட்டஸ்' போட்டால் ஒவ்வொரு லாக் ஃபைலின் நிலையும் காரணத்தோடு வரும்.

பாத் கொடுப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு நட்சத்திரக் குறி. பெரும்பாலான ஏஜென்ட்களில் ஒற்றை நட்சத்திரம் ஒரு ஃபோல்டரைத் தாண்டாது. உள் ஃபோல்டர்களுக்குள் போக வேண்டுமென்றால் இரட்டை நட்சத்திரம் வேண்டும், அதை ஏஜென்ட் ஆதரிக்கவும் வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் ஃபைல்பீட் சிம்லிங்க்குகளை (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழிகளை) பின்தொடராது. லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு என்பது தெரிந்ததுதான், விண்டோஸில் தயாரித்த கான்ஃபிக்கை அப்படியே கொண்டு வந்து வைக்கும்போது மறந்துபோகிறது.

பெர்மிஷன்: ஃபைலை மட்டும் பார்த்தால் போதாது

ரூட்டாக உள்ளே நுழைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு "படிக்க முடிகிறதே" என்று சொல்வதில் பயனில்லை, ரூட்டுக்கு எல்லாம் திறக்கும். ஏஜென்ட் எந்தப் பயனராக ஓடுகிறது என்று பிஎஸ் கட்டளையில் பார்த்துவிட்டு, சூடோவில் அந்தப் பயனரின் பெயரைக் கொடுத்து, அந்தப் பயனராகவே ஃபைலின் முதல் வரியைப் படித்துப் பாருங்கள். "பெர்மிஷன் டினைட்" என்று வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

பெரும்பாலும் ஃபைலில் படிக்கும் அனுமதி இருக்கும், மேலே இருக்கும் ஏதோ ஒரு ஃபோல்டரில் 'எக்ஸ்' அனுமதி இருக்காது. ஃபோல்டரைப் பொறுத்தவரை 'எக்ஸ்' என்பது அதற்குள் நுழையும் அனுமதி, அது வழியில் ஒரே ஒரு ஃபோல்டரில் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் எதையும் தொட முடியாது. நேம்ஐ என்ற கட்டளையை '-எல்' தேர்வோடு முழுப் பாத்தையும் கொடுத்து ஓட்டினால் ரூட் ஃபோல்டரிலிருந்து ஃபைல் வரை ஒவ்வொரு படியின் அனுமதியும் வரிசையாகத் தெரியும். இந்தக் கட்டளையைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை, லினக்ஸ் விநியோகங்களில் அநேகமாக எப்போதும் நிறுவப்பட்டே இருக்கும்.

டெபியன், உபுண்டு வகைகளில் வார் ஃபோல்டரின் லாக் பகுதியில் உள்ள பல ஃபைல்கள் 'அட்ம்' என்ற குழுவுக்குச் சொந்தம், ஏஜென்டின் பயனரை அந்தக் குழுவில் சேர்த்தால் போதும். சேர்த்த பிறகு ஏஜென்டை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் புராசஸுக்குத் தொடங்கியபோது இருந்த குழுக்கள்தான் தெரியும். ரீஸ்டார்ட் உண்மையாகவே தீர்வாக இருக்கும் இடம் இது. எல்லோருக்கும் படிக்கும் அனுமதியைத் திறந்துவிடும் குறுக்கு வழியை மட்டும் எடுக்காதீர்கள். லாக்கில் டோக்கன், மின்னஞ்சல், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் கலந்து கிடக்கும்.

பகலில் நீங்கள் கையால் சரிசெய்த அனுமதி நள்ளிரவில் காணாமல் போகிறது என்றால் லாக்ரொட்டேட்டில் 'கிரியேட்' வரியைப் பாருங்கள். அதில் 0600 ரூட் ரூட் என்று இருந்தால் ஒவ்வொரு ரொட்டேஷனிலும் புதிய ஃபைல் பூட்டோடுதான் பிறக்கும். 0640 என்று மாற்றி சரியான குழுவைக் கொடுங்கள்.

அனுமதி எல்லாம் சரி, அந்தப் பயனராகக் கையால் படித்தால் வருகிறது, ஏஜென்ட் மட்டும் படிக்கவில்லை என்றால் அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். எஸ்இலினக்ஸ் (சாதாரண அனுமதிகளுக்கு மேல் இருக்கும் லினக்ஸ் பாதுகாப்பு அடுக்கு) இயங்கும் மெஷினில் ஏயுசர்ச் கட்டளையில் ஏவிசி மறுப்புகளை, அதாவது அது தடுத்தவற்றின் பதிவுகளை, தேடுங்கள். எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைத்துவிடுவது தீர்வல்ல, தேவையான விதியைச் சேருங்கள். சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியின் யூனிட் ஃபைலில் 'புரொடெக்ட்ஹோம்' இருந்தால் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் லாக் ஏஜென்டுக்கு இல்லாத மாதிரிதான். 'பிரைவேட்டெம்ப்' இருந்தால் அப்ளிகேஷன் பார்க்கும் டெம்ப் ஃபோல்டரும் ஏஜென்ட் பார்க்கும் டெம்ப் ஃபோல்டரும் பெயரில்தான் ஒன்று.

பொசிஷன் ஃபைலும் ரொட்டேஷனும்

என் அனுபவத்தில் அதிக நேரத்தை விழுங்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

எந்த ஏஜென்டும் ஒரு ஃபைலை எதுவரை படித்தோம் என்று எங்கோ குறித்து வைத்துக்கொள்ளும், படித்த பக்கத்தில் அடையாளம் வைத்துப் புத்தகத்தை மூடுவது போல. ஃபைல்பீட்டில் இது ரெஜிஸ்ட்ரி, ஃப்ளூயன்ட்டியில் பாஸ் ஃபைல், ஃப்ளூயன்ட் பிட்டில் ஒரு சிறிய எஸ்க்யூலைட் டேட்டாபேஸ், ஸ்ப்ளங்க்கில் ஃபிஷ்பக்கெட். ஒரு ஃபைலை மற்றொன்றிலிருந்து எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் இங்கே சிக்கல். பெயரை நம்ப முடியாது, ரொட்டேஷனில் பெயர் மாறும். அதனால் சில ஏஜென்ட்கள் ஐநோட் எண்ணை (ஃபைல்சிஸ்டம் ஒவ்வொரு ஃபைலுக்கும் கொடுக்கும் உள் எண்) நம்புகின்றன, சில ஃபைலின் தொடக்கப் பகுதியை நம்புகின்றன. இரண்டுமே ஏமாறும் இடங்கள் உண்டு.

ஐநோட்டை எடுத்துக்கொள்வோம். பழைய ஃபைல் அழிக்கப்பட்டதும் அதன் ஐநோட் எண் காலியாகிறது, இஎக்ஸ்டி4 போன்ற ஃபைல்சிஸ்டத்தில் அடுத்து உருவாகும் ஃபைலுக்கு அதே எண் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏஜென்டின் குறிப்பில் அந்த எண்ணுக்கு "இவ்வளவு தூரம் படித்தாயிற்று" என்று இருக்கும், எனவே புதிய ஃபைலின் தொடக்கத்தைத் தாண்டிவிட்டு நடுவிலிருந்து படிக்கும், அல்லது ஃபைல் அந்த அளவு வளரும் வரை சும்மா இருக்கும். திரையில் இது "ஒவ்வொரு நாளும் ரொட்டேஷனுக்குப் பிறகு முதல் கொஞ்ச நேரத்து லாக் இல்லை" என்று தெரியும். சோதிக்க, எல்எஸ் கட்டளையில் '-ஐ' போட்டு இப்போதைய ஐநோட் எண்ணை எடுத்து, பொசிஷன் ஃபைலில் அதே எண்ணுக்கு என்ன ஆஃப்செட் (எத்தனை பைட் வரை படித்தது) இருக்கிறது என்று பாருங்கள். ஃபைலின் அளவை விட ஆஃப்செட் பெரிதாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஃபைல்பீட்டில் அழிந்துபோன ஃபைல்களின் குறிப்பை நீக்கும் 'கிளீன்' வகை அமைப்புகளைச் சரியாக வைப்பதும், தொடக்கப் பகுதியை வைத்து அடையாளம் காணும் ஃபிங்கர்பிரின்ட் முறைக்கு மாறுவதும் இதற்கான வழி.

தொடக்கப் பகுதியை நம்பும் முறைக்கு வேறு பலவீனம். ஸ்ப்ளங்க் இயல்பாக ஃபைலின் முதல் 256 பைட்டை வைத்து அடையாளம் காண்கிறது. ஒவ்வொரு நாளும் அதே நீளமான தலைப்பு வரிகளோடு தொடங்கும் லாக் என்றால் முதல் 256 பைட் எல்லா நாளும் ஒன்றுதான், "இதை ஏற்கெனவே படித்துவிட்டேன்" என்று புதிய ஃபைலை ஒதுக்கிவிடும். இதற்கு 'இனிட்சிஆர்சிலெங்த்' அளவை, தலைப்பைத் தாண்டும்படி கூட்டுங்கள். 'சிஆர்சிசால்ட்' அமைப்பில் பாத்தைச் சேர்க்கும் வழியும் உண்டு, ஆனால் ரொட்டேஷனில் பெயர் மாறும் ஃபைல்களுக்கு அதைப் போட்டால் ஒவ்வொரு பெயர் மாற்றத்திலும் முழு ஃபைலும் மறுபடி ஏறும், லைசென்ஸ் அளவும் கூடவே ஏறும்.

ஃபைல்பீட் 9.0 முதல் ஃபைல்ஸ்ட்ரீமின் இயல்பான முறை ஃபிங்கர்பிரின்ட், அது முதல் 1024 பைட்டைப் பார்க்கிறது. ஃபைல் அந்த அளவுக்கு வளராவிட்டால் படிக்கவே தொடங்காது. எப்போதாவது ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், நாலு வரி எழுதிவிட்டு முடிந்துவிடும், அதன் லாக் ஏன் வருவதே இல்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் ஃபைல் அளவைப் பாருங்கள். சோதனைக்காகத் தனி ஃபைல் உருவாக்கி ஒரே வரி எழுதிப் பார்ப்பவர்களுக்கும் இதே கதி, சில நூறு வரிகள் எழுதுங்கள். நீளத்தைக் குறைக்கவும் அமைப்பு இருக்கிறது.

அடுத்தது காப்பிட்ரன்கேட். அப்ளிகேஷனால் ஃபைலைத் திரும்பத் திறக்க முடியாதபோது லாக்ரொட்டேட்டில் இதைப் போடுவார்கள்: ஃபைலை நகலெடுத்துவிட்டு மூலத்தை 0 பைட்டுக்கு வெட்டும். நகலெடுப்பதற்கும் வெட்டுவதற்கும் இடையில் எழுதப்பட்ட வரிகள் போனவைதான், இது லாக்ரொட்டேட்டின் கையேட்டிலேயே சொல்லியிருக்கிறது. அது போக, அளவு திடீரென்று குறைந்ததை வைத்துத்தான் ஏஜென்ட் வெட்டு நடந்ததைக் கண்டுபிடிக்கிறது. லாக் மிக வேகமாக வருகிற இடத்தில், ஏஜென்ட் அடுத்த முறை எட்டிப்பார்ப்பதற்குள் ஃபைல் பழைய ஆஃப்செட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டால் வெட்டு நடந்ததே அதற்குத் தெரியாது. முடிந்த இடத்தில் எல்லாம் 'கிரியேட்' முறைக்கு மாறுங்கள், கூடவே 'டிலேகம்ப்ரஸ்' போடுங்கள், அப்போதுதான் கடைசி வரிகளைப் படித்து முடிக்கும் முன் பழைய ஃபைல் சுருக்கப்படாமல் ஒரு சுற்று காத்திருக்கும்.

தொடக்க இடம் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ளூயன்ட்டியும் ஃப்ளூயன்ட் பிட்டும் முன் குறிப்பு இல்லாத ஃபைலை, தொடங்கும்போது இயல்பாகக் கடைசியிலிருந்துதான் படிக்கும். ஏற்கெனவே உள்ள வரிகள் வரவில்லை என்றால் அது கோளாறு இல்லை, 'ரீட் ஃப்ரம் ஹெட்' அமைப்பு அணைந்திருக்கிறது, அவ்வளவுதான். 'இக்னோர் ஓல்டர்' மாதிரி அமைப்புகளும் கவனம் தேவைப்படுபவை: 24 மணி நேரம் என்று வைத்துவிட்டு, வாரம் ஒரு முறை ஓடும் வேலையின் லாக்கைத் தேடிக்கொண்டிருந்தால், ஏஜென்ட் ஓரிரு நாள் நின்றிருந்து திரும்ப வரும்போது அந்த ஃபைலை வயதானது என்று விட்டுவிடும்.

இப்போது பொசிஷன் ஃபைலை அழிப்பது பற்றி. அழித்தால் ஃபைல்பீட் போன்றவை எல்லா ஃபைலையும் முதலிலிருந்து படித்து எல்லாவற்றையும் இரண்டாவது முறை அனுப்பும், ஃப்ளூயன்ட்டி போன்றவை இடையில் விட்டதை எல்லாம் தாண்டி இப்போதிலிருந்து தொடரும். முதலாவதில் எச்சரிக்கைகள் பழைய பிழைகளுக்காக அடிக்கும், இரண்டாவதில் லாக் நிரந்தரமாகப் போகும். ஏஜென்டை நிறுத்திவிட்டு, பொசிஷன் ஃபைலைப் பத்திரமாக நகலெடுத்து வைத்துவிட்டு, இந்த இரண்டில் எது நடக்கும் என்று தெரிந்த பிறகே அதில் கை வையுங்கள்.

எல்லைகள்

ஏஜென்டின் சொந்த லாக்கில் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று வருகிறது, டிஸ்க்கைப் பார்த்தால் பாதி காலி. இது ஐநோட்டிஃபை (ஃபைல் மாறினால் சொல்லும் லினக்ஸ் வசதி) கண்காணிப்பு எண்ணிக்கை தீர்ந்துபோனதன் அறிகுறி, கெர்னல் அதே பிழைச் செய்தியைத்தான் இதற்கும் திருப்பி அனுப்புகிறது. 'மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்' அளவைக் கூட்டுங்கள், பழைய கெர்னல்களில் இயல்பான அளவு 8192 தான். "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்றால் திறந்த ஃபைல்களின் வரம்பு, அல்லது 'மேக்ஸ்_யூசர்_இன்ஸ்டன்சஸ்', அதன் இயல்பு 128. நெட்வொர்க் ஃபைல்சிஸ்டத்தில் இருக்கும் லாக் என்றால் வேறு மெஷின் எழுதுவதை ஐநோட்டிஃபை சொல்லவே சொல்லாது, இடைவெளி விட்டு எட்டிப்பார்க்கும் முறைக்கு ஏஜென்டை மாற்ற வேண்டும். இன்னும் நல்லது, லாக் எழுதும் மெஷினிலேயே ஏஜென்டை வைப்பது.

நீளமான வரிகளும் கவனிக்க வேண்டியவை. ஃப்ளூயன்ட் பிட்டில் ஒரு வரி 'பஃபர் மேக்ஸ் சைஸ்' அளவைத் தாண்டினால், இயல்பாக 32 கிலோபைட், அந்த வரியோடு நிற்காது, அந்த ஃபைலையே கண்காணிப்பிலிருந்து எடுத்துவிடும். ஒரு பெரிய ஜேசான் வரி வந்த நிமிடத்திலிருந்து அந்த ஃபைல் மௌனமாகிவிடும். 'ஸ்கிப் லாங் லைன்ஸ்' அமைப்பைப் போட்டால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு நகரும்.

விண்டோஸில் ஒரு குறிப்பு போதும்: பழைய பவர்ஷெல் 5.1 இல் '>' குறியால் எழுதிய ஃபைல் யூடிஎஃப்-16 ஆக இருக்கும். ஏஜென்டில் என்கோடிங்கைச் சொல்லாவிட்டால் வரிகள் குப்பையாக வரும் அல்லது எந்தப் பேட்டர்னிலும் பொருந்தாமல் விழுந்துவிடும்.

படித்தாயிற்று, போகவில்லை

ஏஜென்டின் லாக்கில் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்", "டைம்அவுட்", "எக்ஸ்509" இந்த மூன்றையும் தேடுங்கள். முதலாவது என்றால் அந்தப் பக்கம் யாரும் அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, இரண்டாவது என்றால் அநேகமாக ஃபயர்வால், மூன்றாவது என்றால் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும் அல்லது பெயர் பொருந்தவில்லை. வழக்கமான போர்ட்கள்: லாக்ஸ்டாஷுக்கு 5044, எலாஸ்டிக்சர்ச்சுக்கு 9200, ஸ்ப்ளங்க்குக்கு 9997, லோக்கிக்கு 3100, ஃப்ளூயன்ட்டிக்கு 24224. இணைப்பைச் சோதிக்கும்போது உங்கள் லேப்டாப்பிலிருந்து சோதிக்காதீர்கள், ஏஜென்ட் இருக்கும் சர்வரிலிருந்தே செய்யுங்கள், ப்ராக்ஸி அமைப்பும் ஏஜென்டின் சர்வீஸுக்குப் போகிறதா என்று பாருங்கள், உங்கள் ஷெல்லில் இருப்பது அதற்குத் தெரியாது.

இணைப்பு இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் மறுக்கிறது என்பது இன்னொரு வகை. லாக்கைச் சேமித்துத் தேடும் எலாஸ்டிக்சர்ச்சில் டிஸ்க் இயல்பாக 95% நிரம்பியதும் அந்த நோடில் (அந்த மெஷினில்) ஷார்டு, அதாவது ஒரு துண்டாவது, இருக்கும் இண்டெக்ஸ்கள் (லாக் தொகுப்புகள்) எழுத முடியாத நிலைக்குப் போய்விடும், அப்போது பல அப்ளிகேஷன்களின் லாக் ஒரே சமயத்தில் நிற்கும். ஒரே ஒரு அப்ளிகேஷனின் சில வரிகள் மட்டும் காணோம் என்றால் ஃபீல்டு வகை மோதலைச் சந்தேகியுங்கள்: நேற்று எண்ணாக வந்த ஒரு ஃபீல்டு இன்று எழுத்தாக வந்தால் அந்த வரி முழுவதும் நிராகரிக்கப்படும். ஒரு இண்டெக்ஸில் இயல்பாக 1000 ஃபீல்டுதான் என்ற வரம்பும் உண்டு, ஜேசானை யோசிக்காமல் விரிக்கும் அப்ளிகேஷன்கள் அதைச் சீக்கிரம் தொட்டுவிடும். லோக்கியில் 429 வந்தால் வேக வரம்பு. ஏஜென்டின் வெளியீட்டுப் பிழைகளை நன்றாகப் படியுங்கள், நிராகரித்த காரணம் பெரும்பாலும் அங்கே முழுசாக எழுதியிருக்கும், வெறும் எச்சரிக்கை நிலையில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

கன்டெய்னரில் ஓடினால்

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் கன்டெய்னர் லாக் ஃபோல்டரில் இருப்பவை சிம்லிங்க்குகள். அவை பாட் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் குழு) லாக் ஃபோல்டரைக் காட்டும், டாக்கர் ரன்டைம் என்றால் அதிலிருந்து இன்னொரு இடத்தையும் காட்டும். ஏஜென்டின் கன்டெய்னருக்குள் முதல் ஃபோல்டரை மட்டும் மவுன்ட் செய்திருந்தால் பெயர்கள் தெரியும், உள்ளே எதுவும் திறக்காது. கடைசி இடம் வரை மவுன்ட் செய்யுங்கள். 2022 இல் வந்த குபர்னெட்டீஸ் 1.24 பதிப்பில் டாக்கரோடு இணைக்கும் டாக்கர்ஷிம் பகுதி நீக்கப்பட்டது, கன்டெய்னர்டிக்கு மாறிய கிளஸ்டரில் லாக் வரியின் வடிவமும் மாறும், எனவே டாக்கர் ஜேசானுக்கு எழுதிய பார்சரை விட்டுவிட்டு சிஆர்ஐ பார்சரைப் போட வேண்டும். ஒவ்வொரு நோடிலும் ஓடும் குபெலெட் இயல்பாக 10 மெபிபைட்டுக்கு ஒரு முறை ரொட்டேட் செய்து 5 ஃபைல் மட்டுமே வைத்திருக்கும், கொட்டோ கொட்டென்று எழுதும் பாட் என்றால் ஏஜென்ட் படிக்கும் முன்பே பழையவை அழிந்துவிடும். அப்ளிகேஷன் ஸ்டான்டர்டு அவுட்புட்டில் எழுதாமல் கன்டெய்னருக்குள் ஒரு ஃபைலில் எழுதுகிறது என்றால் இந்த வழியில் அது வரவே வராது.

வந்திருக்கிறது, கண்ணில் படவில்லை

தேடல் வரம்பை அகலமாக வைக்கச் சொன்னேனே, அது இதற்காக. அப்ளிகேஷன் உள்ளூர் நேரத்தில் எழுதுகிறது, நேர மண்டலத்தைக் குறிப்பிடவில்லை, பார்சர் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது: லாக் எதிர்காலத்துக்கோ கடந்த காலத்துக்கோ சில மணி நேரம் தள்ளிப் போய் உட்காரும், "கடைசி 15 நிமிடம்" என்று தேடினால் என்றைக்கும் கிடைக்காது. மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸின் டபிள்யூ3சி லாக் யூடிசியில் எழுதும், அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. தேதியும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்பட்டால் மாதக் கணக்கில் தள்ளிப்போகும், அதுவும் மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும்.

சில சேவைகள் நேரம் சரியில்லாத வரியை வாங்கவே வாங்காது. அமேசானின் கிளவுட்வாட்ச் 14 நாளுக்கு மேல் பழையதையும், 2 மணி நேரத்துக்கு மேல் எதிர்காலத்தில் இருப்பதையும் ஏற்பதில்லை. லோக்கி இயல்பாக ஒரு வாரத்துக்கு முந்தையதை நிராகரிக்கும். எனவே சர்வரின் கடிகாரம் என்டிபியோடு (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) ஒத்துப் போகிறதா என்று ஒரு முறை பாருங்கள். தீர்வாக, அப்ளிகேஷனில் நேரத்தை மண்டலத்தோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள், பார்சரில் ஊகிக்க விடாதீர்கள்.

நேரம் சரியாக இருந்தும் இல்லையென்றால், உங்கள் கணக்குக்கு அந்த இண்டெக்ஸைப் பார்க்கும் உரிமை இருக்கிறதா, செலவைக் குறைக்க யாராவது விலக்கு வடிகட்டி போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

சரிசெய்த பிறகு

இடைப்பட்ட லாக்கை மீட்க வேண்டுமென்றால், ரொட்டேட் ஆன பழைய ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் விரித்து, அதற்கென்று ஒரு தற்காலிக உள்ளீட்டை, தனியான அடையாள லேபிளோடு அமைத்து ஏற்றுங்கள், முடிந்ததும் நீக்கிவிடுங்கள். இதைச் சீக்கிரம் செய்யுங்கள், லாக்ரொட்டேட் பழையதை அழிக்கக் காத்திருக்காது. பிறகு லாக்ரொட்டேட்டை '-எஃப்' தேர்வோடு கையால் ஓட்டி, ரொட்டேஷனுக்குப் பின்னும் வரிகள் தொடர்கின்றனவா என்று உங்கள் கண் முன்னாலேயே சோதியுங்கள், நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, ஒவ்வொரு முக்கியமான சர்வரிலும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை லாக்கில் ஒரு அடையாள வரி எழுதும் சின்ன வேலையை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டு, அந்த வரி 15 நிமிடம் வராவிட்டால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். பிழை வரிகள் கூடினால் அடிக்கும் எச்சரிக்கை எல்லோரிடமும் இருக்கும், ஆனால் லாக் நின்றுபோனால் பிழை எண்ணிக்கை 0 ஆகி அந்தத் திரை பச்சையாகத்தான் தெரியும். எச்சரிக்கையை அமைத்ததும் ஏஜென்டை 15 நிமிடத்துக்கு மேல் வேண்டுமென்றே நிறுத்தி, அது உண்மையிலேயே உங்கள் ஃபோனுக்கு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.